பன்னிரண்டு ஞாயிறு போய் என்ன கற்றேன்?

வாசகி கேள்வி:

அக்கா, எனக்கு வயது 43. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் மஞ்சள் தோட்டமும் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும்போது கதை எழுதியதுண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் விட்டுப்போனது. இந்த வருஷம் மஞ்சள் விற்ற காசில் 9,000 ரூபாய் கட்டிக் கோவையில் ஒரு புனைவெழுத்துப் பயிற்சியில் சேர்ந்தேன். 12 ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். கடைசி வகுப்பில், ‘இந்தப் பயிற்சியில் நான் கற்றது’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். மூன்று வாரமாக ஒரு வரி ஓடவில்லை. நோட்டில் 64 பக்கம் குறிப்பு இருக்கிறது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, கிழித்துப் போட்டேன். போன வாரம் வீட்டுக்காரர், “பன்னண்டு ஞாயித்துக்கெழம போய்ட்டு வந்தியே, அப்படி என்னத்தக் கத்துக்கிட்ட?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் கதையில் என்ன குறை என்று சட்டென்று சொல்லிவிடுகிறேன், என் கதையில்தான் தடுமாறுகிறேன். ‘சொல்லாதே, காட்டு’ என்ற விதியைக் கேட்டதிலிருந்து ஒரு வரி எழுதவே கை நடுங்குகிறது. ‘பொடக்காலி’ என்று எழுதியதை ஒருவர், ‘யாருக்கும் புரியாது, கொல்லைப்புறம் என்று மாற்றுங்கள்’ என்றார். நான் ஒன்றும் கற்கவே இல்லையோ? முதல் வாரம் எழுதியதையும் கடைசியாக எழுதிய கதையையும் இதோடு வைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கங்க அம்மணி.

உங்கள் கடிதத்தை ஒரு தடவையும், அதோடு வைத்திருந்த தாள்களை மூன்று தடவையும் படித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தத் தாள்களில் இருக்கிறது. நீங்கள் நோட்டில் தேடிக்கொண்டிருந்தீர்கள், அதனால் அகப்படவில்லை. நோட்டில் இருப்பது ஆசிரியர் பேசியது. நீங்கள் கற்றது நீங்கள் எழுதியதில்தான் இருக்கும்.

முதல் வாரம் நீங்கள் எழுதியது இது: “என் அமுச்சி மிகவும் அன்பானவர். அதிகாலையில் எழுந்து மிகவும் கடுமையாக உழைப்பார். அவருடைய மறைவு எங்கள் குடும்பத்துக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அமுச்சி என்ற சொல்லை எடுத்துவிட்டு யாருடைய பாட்டியை வைத்தாலும் இந்த மூன்று வரியும் பொருந்தும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சடித்தாலும் பொருந்தும். உங்கள் அமுச்சி இதில் இல்லை.

கடைசி வாரத்துக் கதையில் அதே அமுச்சி இறந்த பிறகு, மாமா தோட்டத்தில் முதல் தடவையாக மஞ்சள் வேகவைக்கிறார்கள். அந்த இடத்தை அப்படியே தருகிறேன்:

“அம்மா விளக்குமாத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி மஞ்சளில் குத்தினாள். குத்தியதை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ‘வெந்திருச்சாக்கா?’ என்றார் மாமா. ‘இன்னொரு கொதி வரட்டும்’ என்றாள் அம்மா. மாமா ஒன்றும் பேசாமல் இன்னும் ரெண்டு தென்னமட்டையை அடுப்புக்குள் தள்ளினார்.”

இந்தக் கதையில் இரண்டு பக்கத்துக்கு முன்னாலேயே, வருஷா வருஷம் அமுச்சி ‘இன்னொரு கொதி வரட்டும்’ என்பதையும், ‘வெந்தது போதும், நெறம் போயிரும்’ என்று மாமா சண்டைக்கு நிற்பதையும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். மஞ்சள் வேகாமல் போனால் ஒரு கெடுதல், அதிகம் வெந்தால் ஒரு கெடுதல். ஆவியில் வாசம் ஏறுகிற பதத்தில் ஆளுக்கு ஒரு கணக்கு. அமுச்சியும் மாமாவும் மல்லுக்கு நிற்பது அந்தக் கணக்குக்காகத்தான். அதனால்தான் மாமா வாயைத் திறக்காமல் மட்டையைத் தள்ளுகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அமுச்சி போய்விட்டார் என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. அம்மா வாயில் அமுச்சி பேசுகிறார், மாமா முதல் தடவையாக அடங்கிப் போகிறார்.

அந்த வேலையைச் செய்தது யார் அம்மணி? நீங்கள்தானே?

நான் கைப்பிரதி திருத்துகிற வேலையில் 22 வருஷமாக இருக்கிறேன். முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. அப்படித்தான் உங்களுடையதையும் வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் ஒரே பக்கத்தில் ‘மிகவும்’ 9 தடவை வருகிறது. கடைசிக் கதை 6 பக்கம், அதில் ஒரே ஒரு தடவைதான். இதை யாராவது வகுப்பில் உங்களுக்குச் சொன்னார்களா என்று தெரியாது. சொல்லாமலே கை விட்டிருந்தால் இன்னும் நல்லது. முதல் வாரத்தில் வருகிற எல்லாரும் அமுச்சியை நினைத்து அழுவதற்காக மட்டுமே நிற்கிறார்கள். கடைசிக் கதையில் மாமாவுக்கு நல்ல விலைக்கு மஞ்சள் போகவேண்டும், அம்மாவுக்குப் பொழுதோட பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், கூலிக்கு வந்த பெண்ணுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பானே என்ற கவலை. ஆளாளுக்கு ஒரு ஜோலி இருக்கிறது. நடுவே இழவு வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வருகிற எத்தனையோ நாவல் பிரதிகளில் இது இருப்பதில்லை.

சரி, இரண்டு பக்கம் எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். ‘இந்தப் பயிற்சியில் நான்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் ஆண்டு விழா நன்றியுரை மாதிரித்தான் போகும், நீங்களே கிழித்துப் போடுவீர்கள். அந்த ஈர்க்குச்சியிலிருந்து ஆரம்பியுங்கள். அது கதைக்குள் எத்தனையாவது வாரம் வந்தது? அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தீர்கள்? யார் என்ன சொன்னதும் அதை அடித்தீர்கள்? வீட்டில் எழுதும்போது வந்ததா, திரும்பி வருகிற பஸ்ஸில் வந்ததா? ஒரே ஒரு வரி எப்படி மாறியது என்று நடந்தது நடந்தபடி சொல்லிக்கொண்டு போனாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும். அப்புறம், வகுப்பில் கேட்டும் உங்களுக்கு ஒத்துவராமல் போன ஒன்றைச் சொல்லுங்கள். கற்றதைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் ஒப்புக்கொண்டதை மட்டுமே சொல்கிறார்கள். எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று சொல்லவும் கற்றிருக்க வேண்டும். கடைசியாக, இன்னும் கைக்கு வராத ஒன்று. உங்களுக்கு அது என்னவென்று எனக்குத் தோன்றுவதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்குச் சொந்த ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்காகப் படித்து மறந்துபோன நூல்தான். அதன் பாயிரத்தில், மாணவன் எப்படிக் கற்கிறான் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அறிவில் கால்பங்குதான் சேரும். ‘காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’ என்பது அவர் வாக்கு. கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, கற்றதை இன்னொருவருக்கு எடுத்து உரைக்கும்போதுதான் வரும்.

இந்தக் கணக்கை உங்கள் கடிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் 64 பக்க நோட்டு முதல் கால்பங்கு. அதிலேயே முழுப் பங்கையும் தேடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரண்டாவது கால்பங்கை நீங்கள் அறியாமலே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள், ‘மற்றவர்கள் கதையில் என்ன குறை என்று சட்டென்று சொல்லிவிடுகிறேன்’ என்று. அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. முதலில் பிறத்தியார் எழுத்தில்தான் கண் திறக்கும். நம் எழுத்தில் நாம் நினைத்ததையும் சேர்த்தே படிக்கிறோம், தாளில் இல்லாததும் இருப்பதாகத் தெரியும். அடுத்தவர் எழுத்தில் தாளில் உள்ளது மட்டும்தான் நமக்கு. வகுப்பில் யாருக்கு என்ன சொன்னீர்கள் என்று ஐந்தாறு பேருக்குச் சொன்னதை ஞாபகப்படுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். அதில் பாதி உங்கள் கதைக்கே பொருந்துவதைப் பார்ப்பீர்கள். அதைத் தூக்கி அப்படியே அந்த இரண்டு பக்கத்துக்குள் வைக்கலாம்.

மீதி அரைப்பங்கு? ஆசிரியர் கேட்ட இரண்டு பக்கமே அதுதான். அதனால்தான் அது கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்வதும் அதில் சேர்த்தி.

‘சொல்லாதே, காட்டு’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியால் கை கட்டிப்போய் எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். விதியில் உண்மை இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று எட்டைச் சொன்னார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளே இருப்பது மெய்யில், உடம்பில் தெரிவதால் மெய்ப்பாடு. உங்கள் அம்மா குச்சியை உருவாமல் நிற்பது அதுதான். ஆனால் ஒரு கதை முழுக்க அப்படியே காட்டிக்கொண்டிருக்க முடியாது, காட்டவும் கூடாது.

நம் ஊரில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பல ராத்திரி ஓடுகிற கதை. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்தில் தங்கியிருந்து, ஒரு பாடகர் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த மரபில் பாடுகிறவரைக் கவனியுங்கள். வருஷக்கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்வார். அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, சொல்வதுதான் சரி. அண்ணன்மாரைப் பெற்ற தாமரை பிள்ளைவரம் வேண்டித் தவிக்கிற இடம் வந்துவிட்டால் உடுக்கையின் தாளமே மாறும். கதை நகராது. சனமும் நகராது. எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. “அமுச்சி காரியம் முடிந்து ஒரு மாசம் கழித்து மாமா போன் பண்ணினார்” என்று ஒரே வரியில் ஒரு மாதத்தைத் தாண்டியிருக்கிறீர்கள். அது ‘சொல்வது’தான். அதற்காகப் பயப்பட்டிருந்தால் ஒரு மாதத்துத் துக்கத்தையும் காட்டிக்கொண்டு, மஞ்சள் வேகிற கொப்பரைக்கு வந்து சேர்வதற்குள் படிக்கிறவருக்கு அலுத்துப்போயிருக்கும். அதனால் விதியைத் தூக்கிப் போட வேண்டாம், கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எதைப் பற்றியும் யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போங்கள். எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது, எந்த இடத்தில் மனசு நின்று பார்க்க ஆசைப்படுகிறதோ அந்த இடத்தை மட்டும் விரித்து எழுதுங்கள். ஆறு பக்கக் கதைக்கு அப்படி இரண்டு இடம் போதும்.

பொடக்காலி. இதை மாற்றவே வேண்டாம். உங்கள் கதையில், “அமுச்சி பொடக்காலியில் போசியைக் கவிழ்த்துவிட்டு வந்தார்” என்று இருக்கிறது. கோபியில் பிறந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. தஞ்சாவூர்க்காரருக்குப் போசி ஒரு பாத்திரம் என்பது கவிழ்ப்பதிலேயே தெரிந்துவிடும், பொடக்காலி வீட்டுக்குப் பின்னால் என்பது அடுத்த வரியில் அமுச்சி பின்வாசல் வழியாக நுழையும்போது தெரிந்துவிடும். வாக்கியமே அர்த்தம் சொல்லிக்கொடுக்கும்போது அகராதி எதற்கு? ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் ‘நாகம்மாள்’ எழுதியபோதே இந்தப் பேச்சு நாவலுக்குள் வந்துவிட்டது. தமிழில் வட்டார நாவலுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் திரட்டி 2000-த்தில் ஒரு சொல்லகராதியே போட்டுவிட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை. பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ங்’ போட்டு ‘ஆமாங், சரிங், போலாங்’ என்று வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். காதில் விழும்போது இனிக்கிற அதே மரியாதை, தாளில் வரிசையாக வந்தால் கண்ணை உறுத்தும். ஒரு ஆள் பேச ஆரம்பிக்கும்போது ஒன்றிரண்டு போதும், அப்புறம் படிக்கிறவரே தன் காதில் போட்டுக்கொள்வார். யார் யாருக்கு அந்த ‘ங்’ போடுகிறார், யாருக்குப் போடாமல் விடுகிறார் என்பதில் எவ்வளவோ சங்கதி இருக்கிறது. மாமா தன் அக்காவுக்குப் போடவில்லை, கவனித்தேன். தம்பிக்கு அந்த உரிமை இருக்கிறது.

இப்போது, இன்னும் கைக்கு வராதது என்று நான் சொன்னதற்கு வருகிறேன். மாமா மட்டையைத் தள்ளுகிற இடத்தில் கதை முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் முடிக்கவில்லை. கீழே இன்னொரு பத்தி இருக்கிறது: “அமுச்சி மறைந்தாலும் அவருடைய சொல் எங்களோடு வாழ்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.” பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்வார். அதில் ‘கூறியது கூறல்’ ஒன்று, ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னொன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது போகப் போகத் தேய்ந்து முடிவது. இந்த ஒரு பத்தியில் இரண்டும் இருக்கின்றன. படிக்கிறவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதியிருக்கிறீர்கள். புரியும் அம்மணி, எனக்குப் புரிந்ததே. அந்தப் பத்தியை அடித்துவிட்டு ஒரு நாள் கழித்துப் படித்துப் பாருங்கள். முதலில் வீட்டில் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லை என்கிறீர்கள். பயிற்சி நடந்த 12 வாரமும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று வாரத்தில் உங்களிடமிருந்து போனது திறமை அல்ல, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கெடு, காத்திருக்கிற நாலு பேர், வேறு ஒரு வேலையும் செய்ய முடியாத பஸ் பயணம், இவை போய்விட்டன. 9,000 ரூபாய்க்குக் கிடைத்ததில் பெரிய பங்கு இவைதான். பயிற்சிக்குப் போய்வந்த நிறையப் பேர் அடுத்த ஆறு மாதத்தில் எழுதுவதை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கற்றது போதாமல் அல்ல, அந்த நேரத்தை வீடு திரும்ப எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி துவைக்கிற நாளாக, விருந்தாளி வருகிற நாளாக ஆகிவிடும். 12 வாரம் நீங்கள் இல்லாமல் வீடு நடந்திருக்கிறது, சோறு வெந்திருக்கிறது. அந்த நாளில் காலை மூன்று மணி நேரத்தையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்பில் உங்களுக்கு ஒத்துப்போன இரண்டு மூன்று பேரைப் பிடித்து, மாதம் ஒரு கதை என்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்ளுங்கள். தேதி குறித்துக்கொள்ளாமல் ‘எழுதினால் அனுப்புகிறேன்’ என்று மட்டும் விடாதீர்கள், அது நடக்காது.

வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்ல முயல வேண்டாம். ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து முதல் வாரத்துப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், அப்புறம் கொப்பரைப் பகுதியைப் படியுங்கள். மஞ்சள் வேகவைக்கிற மனுஷன். பதம் பற்றி நீங்கள் எழுதியதில் தப்பு இருந்தால் சொல்லிவிடுவார். அதுவும் உங்களுக்குப் பிரயோசனம்தான். ஆனால் அவர் எந்த இடத்தில் பேசாமல் ஆகிறார் என்று பாருங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் அனுப்பிய பிரதியில் அடித்த வரிகள் எல்லாமே ஒற்றைக் கோட்டில் இருக்கின்றன, கீழே என்ன இருந்தது என்று படிக்க முடிகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் கறுப்பு மையை வைத்துக் கண்ணுக்கே தெரியாதபடி தேய்த்திருக்கிறீர்கள். அமுச்சியும் அம்மாவும் கிணற்றடியில் பேசுகிற இடம் அது. அதற்கு அடுத்த வரியில் அம்மா, “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்கிறாள். எதெல்லாம் என்று கதையில் எங்கேயும் இல்லை. அங்கே என்ன எழுதியிருந்தீர்கள்? முடிந்தால் அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.